ஏசி சர்வீஸுக்கு வருடம் எவ்வளவு செலவழிப்பது நியாயம்? வருடா வருடம் "கேஸ் கம்மி" என்கிறார்கள்

வளசைவாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் வளசரவாக்கத்தில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு ஏசி. எங்கள் அறையில் இருப்பது 2019-இல் வாங்கிய ஒன்றரை டன், மூன்று ஸ்டார், இன்வெர்ட்டர். மாமியார் அறையில் 2022-இல் வாங்கிய ஒரு டன். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை தொடங்கியதிலிருந்து காலையில் துடைத்த ஜன்னல் கம்பியில் சாயங்காலம் விரல் வைத்தால் தடம் பதிகிறது. அவ்வளவு புழுதி.

போன வருடம் ஏப்ரலில் எங்கள் அறை ஏசி சரியாகக் குளிரவில்லை என்று ஒருவரைக் கூப்பிட்டோம். சர்வீஸுக்கு 650 ரூபாய், "கேஸ் கம்மியாக இருக்கிறது" என்று 3,200 ரூபாய், மொத்தம் 3,850 கொடுத்தோம். நன்றாகத்தான் குளிர்ந்தது. இந்த பிப்ரவரியில் மறுபடி பழைய கதை. காற்று மெதுவாக வருகிறது, உள்ளே எட்டிப் பார்த்தால் காயில் (ஏசிக்குள் இருக்கும் குழாய்ச் சுருள்) ஓரத்தில் வெள்ளையாகப் பனி கட்டியிருக்கிறது. அதே ஆள் வந்து அவுட்டோரில் (வெளியே மாட்டியிருக்கும் பெட்டி) கேஜ் (பிரஷர் பார்க்கும் மீட்டர்) மாட்டி, "90 காட்டுகிறது, 120-க்கு மேல் இருக்க வேண்டும், கேஸ் போட 3,500 ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். கழுவும் வேலையையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று அவர் எதையும் கழுவாமலே போய்விட்டார்.

இதற்கு நடுவில் கம்பெனியிலிருந்து போன். சாதாரண ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஒரு ஏசிக்கு 3,800, பார்ட்ஸோடு சேர்த்த ஏஎம்சி 7,400, ஜிஎஸ்டி தனி. இரண்டு ஏசிக்கும் போட்டால் ஒரு மாத மளிகைச் செலவு.

என் கணவர், "ஃபேனுக்கு சர்வீஸ் பண்ணுகிறோமா, ஃப்ரிட்ஜுக்கு பண்ணுகிறோமா? ரிப்பேர் ஆனால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். எனக்கு மாமியாரை நினைத்துத்தான் கவலை. அவருக்கு வீசிங் உண்டு. அவர் அறை ஏசியைப் போட்டதும் முதல் பத்து நிமிடம் ஈரத்துணி வாடை வருகிறது.

வருடம் எத்தனை சர்வீஸ் உண்மையிலேயே தேவை? அந்தச் செலவு கரன்ட் பில்லில் திரும்பி வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கோவைத்தம்பி எழுதியது:

எங்கள் ஊரில் மார்ச் பாதியிலிருந்து மே கடைசி வரைதான் ஏசி ஓடும். வருடம் ஒரு முறை, மாசி மாதத்தில், 500 ரூபாய்க்கு வாட்டர் சர்வீஸ் பண்ணுகிறேன். ஆறு வருடமாக வேறு செலவு இல்லை. ஏஎம்சி வேண்டாம் அக்கா.

---

அம்பத்தூர் மெக்கானிக் எழுதியது:

சகோதரி, நான் 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஐடிஐ-யில் இரண்டு வருடம் ஏசி மெக்கானிக் படிப்பு, அப்புறம் ஒரு டீலரிடம் ஏழு வருடம், இப்போது சொந்தமாக. உங்கள் கேள்வியில் ஒரு வரி என்னை உட்காரவிடவில்லை. கழுவுவதற்கு முன்னாலேயே கேஜ் மாட்டி கேஸ் கம்மி என்று சொல்லியிருக்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் இல்லை. செம்புக் குழாய்க்குள் அடைத்து வைத்த அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. உள்ளே அறையின் சூட்டை வாங்குகிறது, வெளியே போய் விடுகிறது. கம்பெனியில் அடைத்த கேஸ் பதினைந்து வருடம் அப்படியே இருந்த ஏசிகளை நான் கையால் தொட்டிருக்கிறேன். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஒழுகும் இடத்தைக் காட்டாமல் கேஸ் மட்டும் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காசு வாங்குகிற வேலை.

இப்போது அந்த 90-க்கு வருவோம். இன்டோர் ஃபில்டரும் காயிலும் புழுதியால் அடைத்திருந்தால் காயில் வழியாகப் போகும் காற்று குறையும். காற்று குறைந்தால் காயிலுக்கு சூடு கிடைக்காது. சூடு கிடைக்காத காயில் சுழியத்துக்கும் கீழே போய்ப் பனி கட்டும், கேஜில் பிரஷரும் இறங்கும். கேஸ் கம்மியானாலும் பனி கட்டும், பிரஷர் இறங்கும். இரண்டு வியாதிக்கும் காய்ச்சல் ஒன்றுதான். கழுவாமல் கேஜைப் பார்த்து கேஸ் கம்மி என்று சொல்ல எங்கள் தொழிலில் யாராலும் முடியாது. காற்று மெதுவாக வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெறும் கேஸ் குறைந்தால் ஆரம்பத்தில் காற்றின் வேகம் குறையாது, குளிர்ச்சிதான் குறையும். பனி முழுசாக மூடிய பிறகுதான் காற்று அடைபடும். போன வருடமும் கழுவியதால் குளிர்ந்ததா, கேஸ் போட்டதால் குளிர்ந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் 3,200 ரூபாய் போனது போனதுதான்.

இன்னொன்று. இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடாது. அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போது கேஜ் வேறு எண் காட்டும். பழைய ஆர்22 கேஸ் ஏசியில் கேஜில் 60, 70 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) இருந்தால் சரி என்று மனப்பாடமாக வைத்திருந்தோம். ஆர்32, ஆர்410ஏ கேஸ் இரண்டும் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான பிரஷரில் ஓடுகிறவை. இன்வெர்ட்டரில் கேஜை மட்டும் நம்பாதீர்கள். அவுட்டோர் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். காலி பண்ணி, வேக்யூம் பம்பை அரை மணி நேரமாவது ஓட்டி, சிலிண்டரைத் தராசில் வைத்து அந்த எடைக்குப் போடுகிறவரே வேலை தெரிந்தவர். தராசு கொண்டு வராதவரிடம் கேஸ் போடாதீர்கள். ஆர்32 தீப்பிடிக்கக்கூடிய கேஸும்கூட. அது குழாயில் இருக்கும்போதே நெருப்பு வைத்துக் குழாயை வெல்டிங் பண்ணும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் அதைச் செய்ய விடாதீர்கள்.

சரி, செலவுக்கு வருகிறேன். கரன்ட் பில்லில் திரும்பி வருமா என்று கேட்டீர்கள். உங்கள் ஸ்டார் லேபிளைப் பாருங்கள். அதிலிருக்கும் யூனிட் கணக்கு வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் என்று போட்டது. தினம் எட்டு மணி நேரம் என்றால் 200 ராத்திரி. சென்னைக்குப் பொருந்தும் கணக்குதான். ஒன்றரை டன் மூன்று ஸ்டார் என்றால் ஏறக்குறைய 1,000 யூனிட் வரும். அடைத்த ஃபில்டரை மாற்றினாலே 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. பத்து சதவீதம் என்றே வைப்போம், 100 யூனிட். கோடையில் உங்கள் இரண்டு மாத ரீடிங் 500-ஐத் தாண்டியிருக்கும். அதற்கு மேல் யூனிட் 8 ரூபாய்க்கு மேலே, 800-ஐத் தாண்டினால் 10 ரூபாய்க்கும் மேலே. ஆக, மிச்சம் 800-லிருந்து 1,000 ரூபாய். இரண்டு சர்வீஸுக்கு 1,300 கொடுக்கிறீர்கள். பில்லை மட்டும் பார்த்தால் முழுசாகத் திரும்பாது. "சர்வீஸ் பண்ணினால் பில் பாதியாகிவிடும்" என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம், எங்கள் ஆட்களே சொன்னாலும். ஒரு விஷயம் மட்டும், 500-ஐ ஒட்டி இருக்கிற வீட்டுக்கு இது பெரிதாகத் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழே இருக்கும் சலுகை ரேட்டும் கை விட்டுப் போகிறது.

காசு திரும்புவது வேறு இடத்தில். அவுட்டோர் காயிலில் புழுதி அடைத்தால் சூடு வெளியே போகாது. கம்ப்ரசர் மூச்சு முட்டி ஓடும், பிசிபி (மின்னணு போர்டு) சூடாகும். இன்வெர்ட்டர் பிசிபி போனால் ஏழாயிரம், எட்டாயிரம் ஆகிறது. கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரன்டி என்பார்கள், ஆனால் மாற்றும்போது கேஸ், கூலி எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். பல்லி பிசிபி மேல் ஏறிச் செத்து ஷார்ட் ஆவது, எறும்பு கூடு கட்டுவது, எலி வயரைக் கடிப்பது, அவுட்டோர் பின்னால் புறா முட்டையிட்டிருப்பது, இதெல்லாம் கவரைக் கழற்றினால்தான் கண்ணுக்குத் தெரியும். நல்ல சர்வீஸில் பாதி வேலை கழுவுவது, மீதி வேலை பார்ப்பது.

உங்கள் மாமியார் அறை வாடை பற்றி. அது ஃபில்டரில் இல்லை, உள்ளே இருக்கும் பிளோயரில். நீளமான உருளை, ஒவ்வொரு இதழிலும் கறுப்பாகப் பூஞ்சை ஒட்டியிருக்கும். டார்ச் அடித்துக் கீழிருந்து பாருங்கள், தெரியும். ஃபில்டரை மட்டும் தட்டிவிட்டுப் போகிற டிரை சர்வீஸில் அது போகாது. வீசிங் இருப்பவர் அறையை முதலில் செய்யுங்கள். இன்டோரைச் சுற்றிப் பை கட்டி, பிசிபி பக்கம் பிளாஸ்டிக் சுற்றி, ஜெட் பம்பில் காயிலையும் பிளோயரையும் கழுவ வேண்டும். தண்ணீர் கறுப்பாக வந்து தெளிவாகும் வரை. ஆசிட் போட்ட கெமிக்கல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அலுமினிய ஃபின்னை (காயில் மேல் இருக்கும் மெல்லிய தகடுகளை) அரித்துவிடும். டிரேயும் டிரெயின் பைப்பும் சுத்தம் பண்ணச் சொல்லுங்கள். அதன் பிறகு தினம் காலையில் ஏசியை அணைக்கும் முன் இருபது நிமிடம் ஃபேன் மோடில் ஓட விடுங்கள். காயில் காய்ந்தால் பூஞ்சை சீக்கிரம் வராது.

ஃபில்டர் உங்கள் கை வேலை. மெட்ரோ புழுதி இருக்கும் வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை குழாயடியில் காட்டி நிழலில் உலர்த்திப் போடுங்கள். ஐந்து நிமிடம். இதைச் செய்கிற வீட்டுக்கு வருடம் இரண்டு வாட்டர் சர்வீஸ் போதும். பொங்கல் முடிந்து பிப்ரவரிக்குள் ஒன்று, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒன்று. கத்திரி வெயிலில் கூப்பிட்டால் ஒரு நாளைக்கு எட்டு வீடு ஓடுகிறோம். உங்கள் வீட்டுக்கு நாற்பது நிமிடம்கூடக் கொடுக்க முடியாது. உண்மையைச் சொல்கிறேன்.

ஏஎம்சி விஷயம். கழுவ மட்டும் 3,800 கொடுப்பது உங்கள் ஏசிக்கு அதிகம். 7,400 ரூபாய் ஏஎம்சியை ஆறேழு வருடமான இன்வெர்ட்டருக்கு யோசிக்கலாம். ஆனால் காயில், கேஸ், பிசிபி மூன்றும் அதில் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். காயில் அரிப்புக்குப் பொறுப்பு கிடையாது என்று சின்ன எழுத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அவுட்டோர் எங்கே மாட்டியிருக்கிறது? பல ஃப்ளாட்டில் ஆள் நிற்க இடமில்லாத சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைக் கழுவ வருகிறவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சன்ஷேடில் கால் வைக்கிறான். எங்கள் கூட வேலை பார்த்த ஒரு பையன் அப்படித்தான் விழுந்து இடுப்பு உடைந்து ஒன்றரை வருடம் படுத்திருந்தான். எட்டாத இடத்தில் இருந்தால் பெல்ட், கயிறு இல்லாமல் ஏற விடாதீர்கள். முடிந்தால் பால்கனிக்கோ மொட்டை மாடிக்கோ மாற்றிவிடுங்கள். எட்டாத அவுட்டோரை யாரும் ஒழுங்காகக் கழுவுவதில்லை, 650 ரூபாயில் பாதிக் காசு அங்கேயே வீண்.

---

திருவான்மியூர் தாத்தா எழுதியது:

மெக்கானிக் தம்பி சொன்னது அத்தனையும் சரி. கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்காக ஒன்று சேர்க்கிறேன். என் வீட்டிலிருந்து கடல் நடக்கிற தூரம். 2012-இல் வாங்கிய முதல் ஏசிக்கு ஐந்து வருடம் சர்வீஸே பண்ணவில்லை. 2017-இல் அவுட்டோர் காயிலைத் தொட்டால் ஃபின் அப்பளம் போலப் பொடிந்தது. காயில் மாற்ற 11,000 கேட்டார்கள், ஏசியையே மாற்றிவிட்டேன்.

புதிதாக வந்த ஏசிக்கு நான் செய்வது ஒன்றுதான். மாதத்தின் முதல் ஞாயிறு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பால்கனியில் இருக்கும் அவுட்டோர் காயில் மேல் இரண்டு பக்கெட் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றுவேன். போர் தண்ணீர் இல்லை அம்மா, எங்கள் பக்கத்து போர் தண்ணீரே உப்பு. மெட்ரோ வாட்டர். உப்பு படிந்து காய்வதற்குள் கரைந்து போய்விடுகிறது. வருடம் இரண்டு சர்வீஸ் ஆட்களை வைத்து. 2017 முதல் 2025 வரை எட்டு வருடத்தில் சர்வீஸுக்கும் ஒரு கெப்பாசிட்டருக்கும் சேர்த்து 9,400 ரூபாய் ஆகியிருக்கிறது, நோட்டில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். கேஸ் ஒரு முறைகூடப் போடவில்லை. நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். போன முறை என்ன செய்தீர்கள் என்று வருகிறவரிடம் தேதியோடு சொன்னால், பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

---

வளசைவாசி பதில்:

அண்ணா, தாத்தா, கோவைத்தம்பி, எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வேறு ஒருவரைக் கூப்பிட்டேன். முதலிலேயே, "கழுவிவிட்டு அப்புறம் கேஜ் மாட்டுங்கள், தராசு இருக்கிறதா?" என்று போனில் கேட்டேன். ஒரு நொடி பேசாமல் இருந்துவிட்டு, இருக்கிறது, கொண்டு வருகிறேன் என்றார். மாமியார் அறையை முதலில் செய்தார். பையில் இறங்கிய தண்ணீரைப் பார்த்து மாமியார் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். காபி டிகாஷன் நிறம். நாலாவது முறைதான் தெளிந்தது. இந்தக் காற்றையா அவர் மூன்று வருடம் ராத்திரி முழுக்க மூச்சு இழுத்தார் என்று நினைத்தால் எனக்கு மனசே ஆறவில்லை. இப்போது அந்த வாடை இல்லை. வீசிங் குறைந்ததா என்று பத்து நாளில் சொல்ல முடியாது, ஆனால் ராத்திரி இருமல் சத்தம் முன்பு மாதிரி இல்லை.

எங்கள் அறை ஏசியில் ஃபில்டருக்குப் பின்னால் காயிலே தெரியவில்லை, கம்பளி மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு படலம். கழுவி, பனி உருகி, அரை மணி நேரம் ஓடிய பிறகு கேஜ் மாட்டினார். 122. ஸ்டிக்கரில் ஆர்32 என்றுதான் இருந்தது. கேஸ் தேவையே இல்லை என்றார். என் கணவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவராகவே ஃபில்டர் தேதிகளை காலண்டரில் குறித்து வைத்தார்.

அதிசயம் என்னவென்றால், குளிர்ச்சியில் ஒன்றும் குறை சொல்லாத மாமியார் அறை ஏசியில்தான் ஒழுக்கு. அவுட்டோர் சர்வீஸ் வால்வுக்குப் பக்கத்தில் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய புழுதியும் இருந்தது. சோப்பு நுரை வைத்துக் காட்டினார், மெதுவாக ஒரு குமிழி பெரிதாகிக்கொண்டே வந்தது. என் கண்ணால் பார்த்தேன். குழாய் முனையை வெட்டிப் புதிதாக ஃபிளேர் பண்ணி (முனையை விரித்து), நைட்ரஜன் அடித்து ஒரு மணி நேரம் பிரஷர் இறங்காததைக் காட்டி, வேக்யூம் போட்டு, ஸ்டிக்கரில் இருந்த எடைக்கு கேஸ் ஏற்றினார். அதற்கு 2,900. இரண்டு சர்வீஸுக்கு 1,300. மொத்தம் 4,200.

ஏஎம்சி போடவில்லை. அண்ணா, நீங்கள் கேட்ட கேள்வி. எங்கள் அறை அவுட்டோர் பால்கனியில் இருக்கிறது, பிரச்சினை இல்லை. மாமியார் அறையுடையது இரண்டு பிளாக்குக்கு நடுவே இருக்கும் சந்தில், நீங்கள் சொன்ன மாதிரியே சுவரில் தொங்குகிறது. வந்தவர் பெல்ட் கட்டித்தான் இறங்கினார், ஆனாலும் அந்த ஒரு மணி நேரமும் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. மொட்டை மாடிக்கு மாற்ற அசோசியேஷனில் கேட்டிருக்கிறேன். குழாய் எத்தனை அடி வரை நீட்டலாம், அதற்குக் கூடுதல் கேஸ் போட வேண்டி வருமா?

---

அம்பத்தூர் மெக்கானிக் எழுதியது:

சந்தில் இருப்பதை மாற்றுவது நல்லது சகோதரி, அங்கே சூட்டுக் காற்று வெளியே போகாமல் அதே அவுட்டோருக்குள் திரும்பப் போகும். எத்தனை அடி வரை நீட்டலாம், கேஸ் சேர்க்காமல் எத்தனை அடி, அதற்கு மேல் அடிக்கு எத்தனை கிராம் என்பதெல்லாம் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு, இன்ஸ்டலேஷன் புத்தகத்தில் இருக்கும். அவுட்டோர் எத்தனை உயரத்தில் இருக்கலாம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு, அதையும் பார்க்கச் சொல்லுங்கள். மாடிக்குப் போகும் குழாயில் நடுவில் ஜாயின்ட் எத்தனை குறைவோ அவ்வளவு நல்லது. வெயில் படும் இடத்தில் இன்சுலேஷன் மேல் டேப் நன்றாகச் சுற்றச் சொல்லுங்கள். மாடியில் தென்மேற்கு மூலை வேண்டாம், மாலை வெயில் நேரே அடிக்கும். தண்ணீர்த் தொட்டி நிழல் விழும் பக்கம் இடம் கேளுங்கள். அங்கே பைப் இருந்தால் கழுவவும் வசதி.